புள்ளியைப் பார்த்துப் பயப்படாதீங்க, கோட்டைப் பாருங்க: குழந்தையின் எடையும் வளர்ச்சி அட்டையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கேன்.)

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்து, அது உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு பிரிச்சுப் பார்ப்போம். இன்னைக்கு எடுத்திருக்கிறது ஒரு கிராஃப். குழந்தை பிறந்த வீடு எல்லாத்துலயும் பீரோவுக்குள்ள, தடுப்பூசி அட்டையோட பின்பக்கத்துல இருக்கும். வளைஞ்சு மேல போற நாலஞ்சு கோடு. குழந்தையோட வளர்ச்சி அட்டை.

இதை ஏன் எடுத்தேன்னு சொல்லிடறேன். கொஞ்ச நாள் முன்னாடி மதுரையில எங்க அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. ஒரு வயசு அப்பதான் முடிஞ்சிருந்தது. தாய்மாமன்கிறதால என் மடியிலதான் உட்கார வச்சாங்க. ஆசாரி ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடியே சுத்தி நின்னவங்க குத்த ஆரம்பிச்சுட்டாங்க. "என்னம்மா, புள்ள இப்படிக் காத்தா இருக்கு?" "பால் பத்தலையோ?" "எங்க பேரன் இந்த வயசுல பதினோரு கிலோ இருந்தான்." அக்கா எல்லாத்துக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தா. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு போனை எடுத்து என்கிட்ட நீட்டினா. ஒரு மாசமா தினமும் காலையில எடை போட்டு, தேதியோட எழுதி வச்சிருக்கா. "நீதான் இன்ஜினியராச்சே, இதைப் பார்த்துச் சொல்லு. எங்கடா நான் தப்பு பண்றேன்?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. அட்டையை எடுத்து உட்கார்ந்து படிச்சேன். அடுத்த வாரம் அக்காகூடக் குழந்தைகள் டாக்டர்கிட்டயும் போனேன். நான் டாக்டர் இல்லை. இங்க சொல்லப் போறது அந்த கிராஃபை எப்படிப் படிக்கணும்கிறது மட்டும்தான்.

பர்சென்டைல் மார்க் இல்லை

டாக்டர்கள் பயன்படுத்துற சார்ட்ல அஞ்சு கோடு இருக்கும்: 3, 15, 50, 85, 97. இதுதான் பர்சென்டைல். நம்ம ஊர்ல பர்சென்டைல்னா உடனே ஜேஇஇ ஞாபகம்தான் வரும். அதனால 15-வது பர்சென்டைல்னு கேட்டதும், நூத்துக்கு பதினஞ்சு மார்க் வாங்கிப் பிள்ளை ஃபெயில் ஆன மாதிரி ஒரு பதைப்பு.

அப்படி இல்லை. ஒரே வயசுள்ள, ஆரோக்கியமான நூறு பெண் குழந்தைகளை எடை வாரியா வரிசையில நிறுத்துறோம்னு வச்சுக்கோங்க. லேசான குழந்தை முதல்ல, கனமான குழந்தை கடைசியில. அந்த வரிசையில பதினஞ்சாவது நிக்கிற குழந்தையோட எடைதான் 15-வது கோடு. இங்க முக்கியமான சொல் 'ஆரோக்கியமான'. வரிசையில நிக்கிற நூறு பேருமே நல்லா இருக்கிற குழந்தைங்க. யாராவது ஒருத்தர் பதினஞ்சாவதா நின்னுதான் ஆகணும். 50-வது கோடு பாஸ் மார்க் இல்லை, அது வரிசையோட நடு. பாதிக் குழந்தைங்க அதுக்குக் கீழதான் இருப்பாங்க.

ஒரு வயசுப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 8.9 கிலோ. 3-வது கோடு 7.1, 97-வது கோடு 11.3. ஒரே வயசுல நாலு கிலோ வித்தியாசத்துல ரெண்டு குழந்தைங்க இருக்கலாம், ரெண்டும் நார்மலா இருக்கலாம். பதினோரு கிலோ பேரனும், 7.6 கிலோ இருந்த எங்க வீட்டுப் பொண்ணும் ஒரே சார்ட்டுக்குள்ளதான் இருக்காங்க. இத்தனைக்கும் ஆண் குழந்தைக்குச் சார்ட்டே வேற. ஒரு வயசுல அவங்களோட நடுக்கோடு 9.6 கிலோ.

அரசு கொடுக்கிற தாய் சேய் அட்டையில பர்சென்டைலுக்குப் பதிலா கலர் பட்டைகள் இருக்கும். பச்சைன்னா சரியான எடை. மஞ்சள்னா எடை குறைவு. ஆரஞ்சுன்னா ரொம்பக் குறைவு. பச்சை முடிஞ்சு மஞ்சள் தொடங்குற இடம், வரிசையில கிட்டத்தட்ட ரெண்டாவது குழந்தை நிக்கிற இடம். அதாவது ஆரோக்கியமான நூறு குழந்தைகள்ல ரெண்டு பேர்தான் அதுக்குக் கீழ வருவாங்க. இந்த 'நூத்துக்கு ரெண்டு' கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கோடு எங்கிருந்து வந்தது?

"இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளை வச்சுப் போட்ட கணக்கு, நமக்குப் பொருந்தாது"ன்னு சிலர் சொல்வாங்க. பழைய சார்ட்டைப் பத்திச் சொன்னா அது உண்மைதான். 1977-ல அமெரிக்காவில வந்த சார்ட்டைத்தான் உலகம் முழுக்க ரொம்ப நாள் பயன்படுத்தினாங்க. அதுல சின்னக் குழந்தைகளுக்கான பகுதி ஓஹியோ மாநிலத்துல ஒரு பகுதியில எடுத்த அளவுகள். பெரும்பாலும் புட்டிப்பால் குடிச்ச குழந்தைங்க.

இதுல ஒரு சிக்கல் இருந்தது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை முதல் ரெண்டு மூணு மாசம் வேகமா எடை ஏறும், அப்புறம் வேகம் குறையும். அதோட இயல்பே அதுதான். ஆனா புட்டிப்பால் குழந்தைகளை வச்சுப் போட்ட கோட்டுல அந்தக் குழந்தையைக் குறிச்சா, நாலு அஞ்சு மாசத்துல கீழ சரியற மாதிரித் தெரியும். உடனே "பால் பத்தலை, பவுடர் பால் ஆரம்பிங்க". நல்லா பால் கொடுத்துட்டிருந்த அம்மாவை நிறுத்த வச்சது பல நேரம் அந்த சார்ட்தான். காதுகுத்துல கேட்ட "பால் பத்தலையோ"வுக்கும் அதுல கொஞ்சம் பங்கு இருக்கும்னு நினைக்கிறேன்.

அதனால உலக சுகாதார நிறுவனம் 1997-லேர்ந்து 2003 வரைக்கும் புதுசா அளந்தாங்க. பிரேசில்ல பெலோட்டாஸ், கானாவில அக்ரா, நார்வேயில ஓஸ்லோ, ஓமான்ல மஸ்கட், அமெரிக்காவில டேவிஸ், இந்தியாவில டெல்லி. ஆறு ஊர், சுமார் 8,500 குழந்தைங்க. தாய்ப்பால் குடிச்சவங்க, அம்மா புகை பிடிக்காதவங்க, வளர்ச்சியைத் தடுக்கிற வறுமை இல்லாத வீடுகள். 2006-ல சார்ட் வெளியாச்சு. இப்ப நம்ம அட்டையில இருக்கிறது இதுதான்.

அந்த ஆய்வுல எனக்குப் பிடிச்ச விஷயம் இது. குழந்தைகளோட உயரத்துல இருந்த வித்தியாசத்துல, ஊருக்கு ஊர் இருந்த பங்கு சுமார் 3 சதவீதம்தான். ஒரே ஊருக்குள்ள பிள்ளைக்குப் பிள்ளை இருந்த வித்தியாசம் சுமார் 70 சதவீதம். நல்ல சாப்பாடும் நல்ல சூழலும் கிடைச்சா டெல்லிக் குழந்தையும் ஓஸ்லோ குழந்தையும் முதல் அஞ்சு வருஷம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளருது. நமக்குப் பொருந்தாதுன்னு ஒதுக்க முடியாது.

மெஷின் பண்ணின கலாட்டா

சரி, அக்காவோட போனுக்கு வருவோம். பயம் எங்க ஆரம்பிச்சதுன்னு கேட்டேன். பத்தரை மாசத்துல வீட்டு பாத்ரூம் மெஷின்ல முதல்ல அவ மட்டும் ஏறி நின்னிருக்கா: 58.3. அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஏறியிருக்கா: 66.1. கழிச்சா 7.8 கிலோ. ரெண்டு வாரம் கழிச்சு கிளினிக்ல போட்டா 7.4. "ரெண்டு வாரத்துல நானூறு கிராம் இறங்கிடுச்சு!" அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் தினசரி எடை.

எங்க வேலையில சர்வர் வேகம் திடீர்னு இறங்கினதா கிராஃப் காட்டினா, முதல்ல கேக்குற கேள்வி "அளந்தது சரியா?"ங்கிறதுதான். ரெண்டு பெரிய எண்ணை அளந்து கழிச்சா, ரெண்டு அளவுலயும் இருக்கிற பிழை சேர்ந்துக்கும். வீட்டுல போட்டப்ப சட்டை, கொலுசு, நனைஞ்ச டயப்பர். கிளினிக்ல எல்லாத்தையும் கழட்டிட்டு, குழந்தைகளுக்கான மெஷின்ல. எடை இறங்கவே இல்லை. மாறினது மெஷினும் உடுப்பும்தான்.

தினமும் எடை போடறது ஏன் வீண்னு ஒரு சின்னக் கணக்கு. பிறந்த முதல் மூணு மாசம் பெண் குழந்தை சராசரியா ஒரு நாளைக்கு 25-30 கிராம் ஏறும். ஒரு வயசுக்கு அப்புறம் மாசத்துக்கே 200 கிராம்தான். ஒரு நாளைக்கு ஏழு கிராம். வீட்டு மெஷின் காட்டுற மிகச் சின்ன அளவே 100 கிராம். 150 எம்எல் பால் குடிச்சா உடனே 150 கிராம் கூடும், ஒண்ணுக்குப் போனா குறையும். ஏழு கிராமைத் தேடி நூறு கிராம் தராசுல தினமும் நின்னா, கண்ணுல படறது வளர்ச்சி இல்லை, வெறும் இரைச்சல்.

இன்னொண்ணும் இந்தக் கணக்குலயே இருக்கு. ஒரு வயசுக்கு மேல வளர்ச்சி வேகம் குறையுறதால பசியும் குறையும். முதல் வருஷம் சுமார் 25 செ.மீ. வளர்ற குழந்தை ரெண்டாவது வருஷம் அதுல பாதிதான் வளரும். "ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டா, இப்ப வாயே திறக்க மாட்டேங்குறா"ன்னு பல வீட்டுல சொல்றது இதைத்தான். பெரும்பாலும் அது நோய் இல்லை.

ஆறு புள்ளியும் ஒரு கோடும்

டாக்டர் அக்காவோட தினசரிப் பட்டியலைப் பார்த்துட்டு, மெதுவா ஓரமா வச்சுட்டாங்க. தடுப்பூசிக்கு வந்தப்ப கிளினிக்ல போட்ட எடைகளை மட்டும் எடுத்து ஒவ்வொண்ணா குறிச்சாங்க. பிறந்தப்ப 2.6 கிலோ. மூணு மாசம் 4.9. ஆறு மாசம் 6.1. ஒன்பது மாசம் 7.0. பதினோரு மாசம் 7.4. ஒரு வயசு 7.6.

சேர்த்துக் கோடு போட்டா, பிறந்ததுலேர்ந்து 3-வது கோட்டுக்கும் 15-வது கோட்டுக்கும் நடுவுல, தண்டவாளம் மாதிரி ஒரே பாதை. அப்புறம் படுக்க வச்சு நீளம் அளந்தாங்க: 70.5 செ.மீ. அதுவும் அதே ரெண்டு கோட்டுக்கு நடுவுல. அந்த நீளத்துக்கு 7.6 கிலோ சரியான எடை. அக்கா அஞ்சடிக்குக் கொஞ்சம் கீழ, அத்தானும் உயரம் இல்லை. "இவ சின்ன உடம்புக்காரி, அவ்வளவுதான். இவ பாதை இது. இந்தப் பாதையில போறாளான்னு மட்டும் பாருங்க"ன்னாங்க.

சார்ட்டோட மொத்த ரகசியமும் இதுதான். ஒரு புள்ளியை வச்சு எதுவும் சொல்ல முடியாது. மூணு நாலு புள்ளி சேர்ந்து எந்தப் பக்கம் போகுதுங்கிறதுதான் செய்தி. 10-வது பர்சென்டைல்லயே நிலையாப் போற குழந்தையைவிட, 85-லேர்ந்து 15-க்கு சரிஞ்ச குழந்தையைத்தான் டாக்டர் கவனமாப் பார்ப்பாங்க. பார்க்க ரெண்டாவது குழந்தைதான் இன்னும் கொழுகொழுன்னு தெரியும்.

எல்லாச் சரிவும் ஆபத்து இல்லை. அம்மா வயித்துல நல்லா வளர்ந்து மூணே முக்கால் கிலோவில பிறந்த குழந்தைக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் சின்ன உடம்புன்னா, முதல் ஒன்றரை ரெண்டு வருஷத்துல மெதுவா இறங்கித் தன்னோட பாதைக்கு வந்து நிலைச்சுடும். அதே மாதிரி குறைமாசத்துல பிறந்த குழந்தையோட வயசைப் பிறந்த தேதியிலேர்ந்து கணக்குப் போட்டாத் தப்பாக் காட்டும். ரெண்டு மாசம் முன்னாடி பிறந்திருந்தா, ரெண்டு வயசு வரைக்கும் அந்த ரெண்டு மாசத்தைக் கழிச்சுத்தான் குறிக்கணும். எது எந்தச் சரிவுன்னு டாக்டர்தான் சொல்லணும், சொந்தக்காரங்க இல்லை.

"நம்ம வாகு அப்படி"

இத்தோட முடிச்சா இந்த எபிசோட் எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிட்டுப் போயிடும். ஆனா அது பாதி உண்மைதான்.

நூத்துக்கு ரெண்டுன்னு ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகள்ல எடை குறைவானவங்க நூத்துக்கு 22 பேர். வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க 25 பேர். இந்தியா முழுக்கப் பார்த்தா எடை குறைவு 32, உயரக் குறைவு 35-க்கும் மேல. இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்துல இருபத்திரண்டு பேர். இத்தனை பேருக்கும் 'வாகு அப்படி'ன்னு சொல்லிட முடியாது. சாப்பாடு பத்தாதது, அடிக்கடி வர்ற வயித்துப்போக்கு, சுத்தமில்லாத தண்ணி, ரத்தசோகையோட இருக்கிற அம்மா, எடை குறைவாப் பிறக்கிறதுன்னு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண்.

அதனால தப்பு ரெண்டு விதமா நடக்குது. நல்லா இருக்கிற குழந்தையைப் பார்த்து ஊரே பயமுறுத்துது. உண்மையிலேயே பின்தங்குற குழந்தையைப் பார்த்து "எங்க பரம்பரையே ஒல்லிதான்"னு விட்டுடறோம். உயரம் குறைஞ்ச குழந்தை இன்னும் எளிதா மறைஞ்சு போகும், ஏன்னா குள்ளமா இருந்தாலும் கன்னம் உப்பியிருந்தா யாரும் கேக்கறதில்லை. எடையை மட்டும் பார்த்தாப் போதாது, நீளத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்க. ரெண்டு வயசு வரைக்கும் படுக்க வச்சு, அப்புறம் நிக்க வச்சு. ஒரே குழந்தையைப் படுக்க வச்சா 0.7 செ.மீ. கூடுதலாக் காட்டும். அதனால ரெண்டையும் கலந்தாக் குழப்பம்தான்.

அந்தப் பக்கமும் ஒரு எல்லை உண்டு. உயரத்துக்கு மீறின எடை ஆரோக்கியம் இல்லை. "புள்ள கொழுகொழுன்னு இருக்கு"ங்கிற பாராட்டைச் சார்ட் ஏத்துக்காது.

எப்பத் தள்ளிப் போடக் கூடாது?

டாக்டர் சொன்னதைப் பட்டியலாவே கொடுத்துடறேன்:

– பிறந்த முதல் சில நாள் எடை கொஞ்சம் குறையும், அது இயல்பு. ஆனா பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சாலோ, ரெண்டு வாரத்துல பிறந்த எடைக்குத் திரும்பலைன்னாலோ காட்டணும்.
– எடைக்கோடு மேல ஏறாமப் படுத்துக்கிட்டா, இல்லை ரெண்டு முக்கியக் கோட்டைத் தாண்டிக் கீழ வந்தா.
– மஞ்சள் பட்டைக்குள்ள வந்தா.
– உயரக்கோடும் சேர்ந்து சரிஞ்சா.
– திரும்பத் திரும்ப வயித்துப்போக்கு, வாந்தி, காய்ச்சல், இருமல் இருந்தா.
– குழந்தை சோர்ந்து கிடந்தா, தெரிஞ்ச விளையாட்டை மறந்தா.
– ரெண்டு பாதத்துலயும் வீக்கம் இருந்தா. இதுக்கு அன்னைக்கே போகணும்.

ஆறு மாசத்துக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் அங்கன்வாடியில கைச்சுற்றளவு நாடா வச்சிருப்பாங்க. 11.5 செ.மீ.க்குக் கீழன்னா சிவப்பு, அது அவசரம். 12.5 வரைக்கும் மஞ்சள். தராசு இல்லாத இடத்துலகூட ஒரு நாடா போதும்.

நிஜமா என்ன தப்பு நடந்தது?

"எங்கடா நான் தப்பு பண்றேன்"னு அக்கா கேட்டா இல்லையா, அதுக்கு டாக்டர்கிட்ட பதில் இருந்தது. எடையில தப்பு இல்லை. தப்பு அந்த ஒரு மாசப் பயத்துல இருந்தது. சோறு சாப்பிடலைன்னு புட்டியில பால், ஒரு நாளைக்கு 700 எம்எல். வயிறு பால்லயே நிறைஞ்சா சோறு எப்படி இறங்கும்? மாட்டுப் பால் அதிகமானா இரும்புச்சத்தும் குறையும். அரை லிட்டருக்குள்ள நிறுத்தச் சொல்லி, ரத்தத்துல ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னாங்க.

அடுத்தது, போன்ல பாட்டு போட்டு, அவ பார்த்துக்கிட்டிருக்கும்போது வாயில திணிக்கிறது. கடைசியில ஸ்பூனைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்க ஆரம்பிச்சிருக்கா. பசின்னா என்னன்னு குழந்தையே மறந்துடும்னாங்க டாக்டர். என்ன சாப்பாடு, எப்ப, எங்க உட்கார்ந்துன்னு நீங்க முடிவு பண்ணுங்க. எவ்வளவுங்கிறதை அவ முடிவு பண்ணட்டும்.

மூணாவது, பருப்புத் தண்ணி. இந்த வயசுக் குழந்தையோட வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 எம்எல் கொள்ளும். 7.6 கிலோன்னா ஒரு டம்ளர் அளவு, அவ்வளவுதான். அதைத் தண்ணியான ரசம் சாதத்தால நிரப்பினா வயிறு நிறையும், சத்து சேராது. பருப்பையே மசிச்சு, கொஞ்சம் நெய் விட்டு, முட்டை, உருளைக்கிழங்கு, அங்கன்வாடி சத்துமாவைக் கெட்டியாக் கிளறி. அளவைக் கூட்ட வேண்டாம், கெட்டியைக் கூட்டினாப் போதும்.

பாத்ரூம் மெஷினை அத்தான் பரண்ல ஏத்திட்டார். போன்ல இருந்த பட்டியலை அக்காவே அழிச்சா. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாத்தான் இருந்தது, இரும்புச்சத்து சிரப் கொடுத்தாங்க. போன வாரம் பதினஞ்சாவது மாசம், 8.2 கிலோ. அதே 3-க்கும் 15-க்கும் நடுவுல, அதே பாதை. எடையில ஒரு அதிசயமும் நடக்கலை. ஆனா வீடியோ கால்ல பார்த்தேன், ஒரு இட்லியை ரெண்டு கையாலயும் பிச்சுப் பாதியைத் தரையில போட்டு, மீதியைத் தானா சாப்பிட்டுக்கிட்டிருந்தா. அக்கா பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்தா.

உங்க வீட்டு அட்டையில கடைசியா எப்ப புள்ளி வச்சாங்கன்னு இன்னைக்கு எடுத்துப் பாருங்க. பல அட்டையில தடுப்பூசிப் பக்கம் நிரம்பியிருக்கும், கிராஃப் பக்கம் காலியா இருக்கும். அடுத்த முறை போறப்ப, "டாக்டர், எடையையும் நீளத்தையும் குறிச்சுக் கோடு போட்டுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. அதுக்குள்ள ஏதாவது விசேஷத்துல ஒரு குழந்தையைப் பார்த்தீங்கன்னா எடையைப் பத்தி மட்டும் கேக்காதீங்க. பேரைக் கேளுங்க, போதும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.